பள்ளியிலிருந்து வந்த ஃபெண்டானில் மின்னஞ்சல்: ஒரு தாயின் கேள்விகளுக்கு மருந்தாளுநரின் பதில்

கேள்வி: டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. மகள் இந்த வருடம் கலிஃபோர்னியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறாள். மகனின் பள்ளியில் ஃபெண்டானில் என்ற போதைப்பொருள் பற்றி வகுப்பு எடுக்கப் போகிறார்கள், அதை அளவு மீறி எடுத்தவரைக் காப்பாற்றும் நாலக்ஸோன் என்ற மருந்தும் பள்ளியில் இருக்கிறது என்று மின்னஞ்சல் வந்தது. "நம்ம பையனுக்கு எதுக்கு இதெல்லாம்? தெரியாததைச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடும், அன்னிக்கு லீவு போடச் சொல்லு" என்கிறார் கணவர். எனக்கோ வேறு குழப்பம். மகன் பிறந்தபோது முதுகில் போட்ட ஊசியில் ஃபெண்டானில் இருந்தது என்று சொன்னார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே? தொட்டாலே உயிர் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. நாலக்ஸோனை வாங்கி வீட்டில் வைத்தால் எங்காவது பதிவாகி கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமா? மகளின் விடுதி அறையில் யாராவது மயங்கி விழுந்து இவள் 911 அழைத்தால், இவளே மாட்டிக்கொள்வாளா? அவள் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறாள். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகனை அந்த வகுப்புக்குக் கட்டாயம் அனுப்புங்கள். பெற்றோருக்கென்று தனிக் கூட்டம் வைத்தால் உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் பள்ளியில் ஏதோ நடந்துவிட்டது என்பதால் அந்த மின்னஞ்சல் வரவில்லை. டெக்சாஸில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஃபெண்டானில் பற்றிப் பாடம் நடத்த வேண்டும் என்று 2023இல் சட்டம் வந்தது. 'டக்கர் சட்டம்' என்பார்கள். 2021இல் ஃபெண்டானில் இருந்த ஒரு மாத்திரையால் இறந்துபோன 19 வயது இளைஞனின் பெயர் அது. அவனுடைய அம்மா ஆஸ்டினில் சட்டமன்றப் படியேறிப் போராடிக் கொண்டுவந்த சட்டம். 2023இலேயே வந்த இன்னொரு சட்டத்தின்படி இந்த வகுப்புகள் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் நாலக்ஸோன் இருக்க வேண்டும். பள்ளி நேரத்தில் அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். தீயணைப்புக் கருவி வைப்பது போலத்தான்.

"நம்ம ஏரியாவில் இதெல்லாம் இல்லை" என்று கணவர் சொல்லக்கூடும். உங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய கேரல்டனில் 2022 செப்டம்பரிலிருந்து சில மாதங்களுக்குள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக இதில் சிக்கினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் உண்டு. உங்கள் மகனுக்கு இப்போது அநேகமாக அந்த வயதுதான். அவன் இதுவரை ஃபெண்டானில் என்ற பேரையே கேட்டதில்லை என்று நினைக்கிறீர்களா? இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கணவரின் சந்தேகத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. போதைப்பொருள் பற்றி வகுப்பு எடுத்தாலே பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள் என்று நம்பி இந்த நாடு ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. போலீஸ்காரர்கள் வகுப்பறைக்கு வந்து "வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று சொல்லித்தந்தார்கள். நாடு முழுக்கப் பரவியது, டி-ஷர்ட் எல்லாம் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அதனால் பெரிய பலன் இல்லை என்று தெரிந்தது. பயமுறுத்தல் மட்டும் வேலை செய்யாது. அதனால் வகுப்பு முடிந்து மகன் வந்ததும் "என்ன பயமுறுத்தினாங்க?" என்று கேட்காதீர்கள். "ஃபிரண்ட் மயங்கி விழுந்தா என்ன செய்யணும்னு சொன்னாங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால் வகுப்பு உருப்படியாக நடந்திருக்கிறது என்று பொருள்.

இனி உங்கள் முதுகு ஊசி. கேள்வி நல்ல கேள்வி, நிறைய பேர் கேட்பதும்கூட. ஃபெண்டானில் 1960 வாக்கில் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் என்ற மருத்துவர் ஆய்வகத்தில் உருவாக்கிய வலிமருந்து. அபின் செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முழுக்க வேதிப்பொருளிலிருந்து செய்வது. மார்ஃபினைவிடச் சுமார் 100 மடங்கு, ஹெராயினைவிட 50 மடங்கு வீரியம். அறுவை சிகிச்சையிலும் பிரசவத்திலும் இன்றும் தினமும் பயன்படுகிறது. நல்ல மருந்து. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஒரு தடவை கொடுப்பது பெரும்பாலும் 50, 100 மைக்ரோகிராம். பக்கத்தில் மயக்க மருத்துவர் இருப்பார், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் இருக்கும். அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. உயிரைப் பறிக்கக்கூடிய அளவு என்று சொல்வது 2 மில்லிகிராம். அதாவது 2,000 மைக்ரோகிராம். பென்சில் முனையில் நிற்கும் அளவுத் தூள்தான். கள்ள மாத்திரை அச்சடிப்பவன் இதையெல்லாம் அளந்து போடுவதில்லை. ஒரே தட்டில் அச்சடித்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றில் ஒன்றுமே இருக்காது, இன்னொன்றில் எமன் இருப்பான். 2023இல் டி.இ.ஏ. பரிசோதித்த போலி மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் உயிருக்கு ஆபத்தான அளவு இருந்தது.

நம் வீடுகளில் பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. ஃபெண்டானில் என்றதும் தெருவோரம் ஊசி குத்திக்கொண்டு கிடப்பவரின் படம்தான் நமக்கு மனதில் வருகிறது. பிள்ளைகளிடம் வருவது அந்த உருவத்தில் இல்லை. ஸ்நாப்சாட்டில் பேசி வாங்கும் மாத்திரையாக வருகிறது. நீல நிறத்தில் ஒரு பக்கம் 'எம்', மறுபக்கம் '30' என்று அச்சடித்த, ஆக்ஸிகோடோன் என்ற வலிமருந்து போலவே இருக்கும் மாத்திரை. பதற்றத்துக்குக் கொடுக்கும் ஸானாக்ஸ் போல ஒன்று. அப்புறம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிக அருகில் இருக்கும் ஒன்று: அடரால். கவனக்குறைவுக் கோளாறுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து அது. பரீட்சைக்கு முந்தைய இரவு தூங்காமல் படிக்க என்று அதை மாணவர்கள் கைமாற்றிக்கொள்கிறார்கள். அதற்கும் போலி உண்டு. "போதைக்காக எடுக்கமாட்டான்" என்று நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். "ஏ கிரேடுக்காக எடுக்கமாட்டான்" என்றும் அதே உறுதியோடு சொல்ல முடியுமா? வீட்டில் மதிப்பெண் பேச்சு எப்படி இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைவலி என்றால் அத்தையின் மாத்திரையில் பாதி, முதுகுவலி என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது என்று கைமாற்றிப் போடுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அன்பின் அடையாளமாகவே அதைப் பார்க்கிறோம். அதைப் பார்த்து வளரும் பிள்ளை, நண்பன் நீட்டும் மாத்திரையை எப்படிச் சந்தேகப்படும்? மருந்தகத்தில் தன் பெயரில், மருந்தாளுநர் கையால் வாங்காத எந்த மாத்திரையும் மருந்தே இல்லை. வீட்டில் எல்லோருக்கும், பெரியவர்களுக்கும் சேர்த்து, இந்த ஒரு விதியைப் போடுங்கள்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: 911.

2019 ஜூலைக்கும் 2021 டிசம்பருக்கும் இடையே போதைப்பொருளால் இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் விவரங்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. ஆராய்ந்தது. 84 சதவீத மரணங்களில் கள்ள ஃபெண்டானில். என்னைத் தூங்கவிடாதது வேறொரு விவரம்: மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில் அருகிலோ அதே வீட்டிலோ யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். பெரும்பாலானவர்கள் எதுவும் செய்யவில்லை. சிலருக்கு நடப்பது தெரியவில்லை, குறட்டை விடுகிறான் என்று நினைத்தார்கள். பயந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அந்தப் பயத்தைப் போக்கத்தான் 'நல்ல சமாரியன்' சட்டங்கள். அழைத்தவரையும் விழுந்தவரையும் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காகத் தண்டிக்காமல் விடுவது இவற்றின் அடிப்படை. கலிஃபோர்னியாவில் இது 2013 முதல் நடைமுறையில் உள்ளது. நல்லெண்ணத்தோடு உதவிக்கு அழைத்தால், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததோ போதையில் இருந்ததோ குற்றமாகாது. உங்கள் மகள் போகிற இடம் அந்த வகையில் பரவாயில்லை. அங்கே 2022இல் வந்த இன்னொரு சட்டப்படி சமுதாயக் கல்லூரிகளும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களும் புதிய மாணவர்களுக்கு அறிமுக நாட்களிலேயே இதைப் பற்றிச் சொல்ல வேண்டும், நாலக்ஸோனும் வைத்திருக்க வேண்டும். யு.சி. எனப்படும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு அது கட்டளையாக இல்லாமல் வேண்டுகோளாக இருக்கிறது. மகளிடம் எந்த வளாகம் என்று கேட்டு, நாலக்ஸோன் எங்கே கிடைக்கும் என்று முதல் வாரத்திலேயே விசாரிக்கச் சொல்லுங்கள்.

டெக்சாஸ் சட்டம் 2021இல்தான் வந்தது, அதுவும் கைப்பிடித்துக் கஞ்சத்தனமாகக் கொடுத்தது. முதலில் அழைத்தவருக்கும் விழுந்தவருக்கும் மட்டும் பாதுகாப்பு. அழைத்தவர் ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும், போலீஸுக்கு ஒத்துழைக்க வேண்டும். முன்பு போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவருக்குக் கிடையாது. கடந்த 18 மாதங்களில் இதேபோல இன்னொருவருக்காக அழைத்திருந்தாலும் கிடையாது. அதாவது ஒரே ஆண்டில் இரண்டு நண்பர்களைக் காப்பாற்ற முயன்றவன் இரண்டாம் முறை மாட்டிக்கொள்ளலாம்! இப்படி ஒரு நிபந்தனையை எந்த மனநிலையில் எழுதினார்களோ. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது கைதிலிருந்து விலக்கு இல்லை, நீதிமன்றத்தில் எடுத்துவைக்கக்கூடிய ஒரு வாதம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் 2023இல் டெக்சாஸ் இன்னொரு சட்டம் போட்டது. தெரிந்தே ஃபெண்டானில் கொடுத்து, அதனால் ஒருவர் இறந்தால் கொலைக் குற்றம். இறப்புச் சான்றிதழிலும் ஃபெண்டானில் நச்சு என்று எழுத வேண்டும் என்றது. வியாபாரியைப் பிடிக்க என்று சொல்லி வந்த சட்டம்தான். ஆனால் போதைப்பொருள் சட்டங்களில் 'கொடுத்தல்' என்பதற்குக் காசு வாங்கியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. தன்னிடமிருந்த இரண்டு மாத்திரையில் ஒன்றைத் தோழிக்குக் கொடுத்த பெண்ணும் அந்தச் சொல்லுக்குள் வரலாம். மேலே சொன்ன இரண்டு மாநிலச் சட்டங்களும் கொடுத்தவரைப் பாதுகாப்பதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கையால் "கூப்பிடு" என்றும் மறு கையால் "கூப்பிட்டால் கொலைகாரி" என்றும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023இல் மாத்திரையில் ஃபெண்டானில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பட்டைகளைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவும் டெக்சாஸ் கீழவையில் 143க்கு 2 என்று நிறைவேறி, செனட்டில் அப்படியே நின்றுபோனது. கலிஃபோர்னியாவில் அவற்றுக்கு அனுமதி உண்டு.

மகளிடம் இந்த நுணுக்கமெல்லாம் சொல்லிக் குழப்ப வேண்டாம். "என்ன நடந்திருந்தாலும், யார் கொடுத்திருந்தாலும், முதலில் 911. அப்புறம் எனக்குப் போன் பண்ணு. நான் திட்டமாட்டேன்" என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உயிர் போனால்தான் கொலை வழக்கு. நேரத்தோடு அழைத்தால் பெரும்பாலும் உயிர் போகாது. சட்ட ரீதியாகப் பார்த்தாலும் அழைப்பதுதான் லாபம்.

விசா விஷயத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். நல்ல சமாரியன் சட்டம் மாநிலச் சட்டம். குடிவரவுச் சட்டம் மத்திய அரசுடையது, இதையெல்லாம் கண்டுகொள்ளாது. குடியுரிமை இல்லாதவருக்குப் போதைப்பொருள் வழக்கு என்பது மற்ற குற்றங்களைவிடக் கடுமையான விளைவு தரும். விதிவிலக்கு மிகக் குறைவு. சில சூழ்நிலைகளில் தண்டனையே இல்லாமல், அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதே கிரீன் கார்டை மறுக்கக் காரணமாகலாம். அதனால் உயிர் காப்பாற்றுகிற நேரத்தில் ஆம்புலன்ஸ்காரரிடம் என்ன எடுத்தான், எவ்வளவு எடுத்தான் என்பதைத் தயங்காமல் சொல்லட்டும். அதன்பின் போலீஸ் விசாரணை, கையெழுத்து, வாக்குமூலம் என்று வந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசாமல் ஒரு வரியும் எழுதிக்கொடுக்க வேண்டாம். குற்றவியல் வழக்கறிஞர் "சின்ன கேஸ், ஒத்துக்கிட்டா முடிஞ்சிடும்" என்று சொன்னாலும் கூட. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் ஒரு வழக்கறிஞரின் எண்ணை மகளின் போனில் இன்றே சேமித்து வையுங்கள் என்று சொல்ல வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை.

நாலக்ஸோன் வாங்குவதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது போதைப்பொருளே அல்ல. ஃபெண்டானில் மூளையில் ஒட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடுகிற மாற்று மருந்து. 2023 மார்ச்சில் நார்கான் என்ற 4 மில்லிகிராம் மூக்கு ஸ்பிரேயை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. வால்கிரீன்ஸிலோ சி.வி.எஸ்ஸிலோ டைலனால் வாங்குகிற மாதிரி வாங்கலாம். இரண்டு ஸ்பிரே உள்ள பெட்டி 45 டாலர் வாக்கில் இருக்கும். சுகாதாரத் துறைகளும் தொண்டு அமைப்புகளும் பல இடங்களில் இலவசமாகவே தருகின்றன. ஒன்று வீட்டுக்கு, ஒன்று மகளின் பெட்டிக்கு. டெக்சாஸ் வெயிலில் காரில் மட்டும் விட்டுவைக்காதீர்கள், கெட்டுவிடும்.

ஆளைத் தட்டி, பெயர் சொல்லிக் கத்தி எழுப்பியும் எழவில்லை. மூச்சு மிக மெதுவாக அல்லது கொரகொரவென்று வருகிறது. கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். உதடு நீலமாகும் என்று படித்திருப்பீர்கள். நம் நிறத்தில் அது சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும், உதட்டின் உள்பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள். 911 அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரு ஸ்பிரே. மூச்சு இல்லையென்றால் அவர்கள் போனில் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். மூச்சு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த துவாரத்தில் இரண்டாவது. வேறு காரணத்தால் மயங்கியவருக்குத் தவறிப்போய்க் கொடுத்தாலும் கெடுதல் இல்லை. எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் விடாதீர்கள். நாலக்ஸோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், ஃபெண்டானில் உடலில் மிச்சம் இருந்தால் மூச்சு மறுபடி நிற்கலாம். மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

தொட்டால் செத்துவிடுவார்கள் என்பது புரளி. தற்செயலாகத் தோலில் பட்டதால் ஃபெண்டானில் விஷமேற வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர் சங்கம் 2017இலேயே சொல்லிவிட்டது. கையில் பட்டால் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவினால் போதும். சானிடைசர் வேண்டாம். வீடியோவைப் பார்த்துப் பயந்து, விழுந்து கிடப்பவரைத் தொடாமல் நிற்பதுதான் ஆபத்து.

நிலைமை மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சி.டி.சி.யின் கணக்குப்படி போதைப்பொருள் மரணங்கள் 2023இல் சுமார் 1,10,000. 2024இல் சுமார் 80,000. அதில் செயற்கை ஓபியாய்டால், அதாவது ஃபெண்டானில் வகை மருந்துகளால், இறந்தவர்கள் சுமார் 76,000இலிருந்து 48,000 ஆனார்கள். காரணம் ஒன்று மட்டும் இல்லை. நாலக்ஸோன் பரவலானதும், அடிமைப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் புப்ரினார்ஃபினை எழுத மருத்துவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை 2022 டிசம்பரில் எடுத்துவிட்டதும் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. ஃபெண்டானிலைப் போன்ற வேதிப்பொருட்கள் அனைத்தையும் மொத்தமாகத் தடைப்பட்டியலில் நிரந்தரமாகச் சேர்த்த 2025 ஜூலைச் சட்டத்துக்குத்தான் செய்தித்தாள்களில் பெரிய எழுத்து கிடைத்தது. சிறைத் தண்டனை பற்றிப் பேசினால் எந்தக் கட்சிக்கும் கை தட்டல் கிடைக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வரும்போது பெட்டியில் மூட்டுவலி மாத்திரைகள் வரும். அவற்றில் டிரமடால் கலந்தது இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். அதுவும் செயற்கை ஓபியாய்டுதான். இந்தியாவில் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் இருக்கிறது, இங்கே 2014 முதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டோடு, அசல் அட்டையோடு, அவர்களுக்குத் தேவையான அளவு மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே வந்ததும் அது குளியலறை அலமாரியில் இருக்க வேண்டாம், பூட்டக்கூடிய இடத்தில் இருக்கட்டும். பல் பிடுங்கியபோது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுத்து மீந்துபோன வலி மாத்திரைகள் உங்கள் வீட்டிலும் எங்காவது கிடக்கும். பல மருந்தகங்களிலும் காவல் நிலையங்களிலும் அவற்றைப் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் போட்டுவிடலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.